வாய்ப்புற்று என்று ரிப்போர்ட் வந்துவிட்டது, யார் பேச்சைக் கேட்பது?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தங்கச்சிமடத்தில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 54 வயது. இடது கன்னத்தின் உட்பக்கம் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்து, ராமநாதபுரத்தில் சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று வந்திருக்கிறது. அடுத்த வாரம் மதுரைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. சவூதியில் இருக்கும் மாமா நாளுக்கு நாலு வீடியோ அனுப்புகிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று பெரியம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் நித்தியகல்யாணியை வேரோடு பிடுங்கி வந்து கொடுத்திருக்கிறார். கேன்சரைப் பற்றி நம்பிப் படிக்க எங்கே போவது, உதவிக்கு யார் இருக்கிறார்கள், அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை பேர் பேசும்போது எந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வண்டி ஏறுவது என்பதுதான் இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. கேன்சர் வார்டில் நர்ஸாகப் பல வருஷம் வேலை பார்த்தேன். இப்போது மண்டபத்திலிருந்து கீழக்கரை வரைக்கும் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்த்து வருகிறேன். அம்மாவின் ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. அதனால் ஆபரேஷனா, கரண்டு (கதிர்வீச்சு) வைப்பதா என்று என்னிடம் கேட்காதீர்கள். பார்க்காமலே அதைச் சொன்னால் உங்கள் மாமாவின் வீடியோவுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. எதை, யாரிடம், எப்படிக் கேட்பது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முதலில் அந்த ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேன்சர் என்று ஒரே நோய் கிடையாது. மார்பில் வந்ததற்குச் சொன்னது வாய்க்குப் பொருந்தாது. வாயிலேயே, சின்னப் புண்ணுக்குச் சொன்னது தாடை எலும்பு வரை இறங்கியதற்குப் பொருந்தாது. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டோடு பொருந்தாத தகவல், எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி எழுதியதாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். கன்னத்தில் வருவதில் பெரும்பாலும் ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ என்று இருக்கும். அது வகை. அதற்கு முன்னால் ‘வெல்’, ‘மாடரேட்லி’, ‘பூர்லி’ என்ற மூன்றில் ஒன்றும், கூடவே ‘டிஃபரன்ஷியேட்டட்’ என்றும் இருக்கும். அது கிரேடு, அதாவது செல்கள் தங்கள் பழைய உருவத்திலிருந்து எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்ற கணக்கு. ‘பூர்லி’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, கடைசி ஸ்டேஜ் என்று அழுதுகொண்டே வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. புண் எவ்வளவு பெரிது, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, நுரையீரல் மாதிரி தூரத்து இடங்களுக்குப் போயிருக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்வதுதான் ஸ்டேஜ். டாக்டர் கையுறை போட்டுத் தடவிப் பார்த்து, ஸ்கேனும் எடுத்த பிறகுதான் அது தெரியும். இந்த வாரம் உங்கள் கையில் இருக்கும் தாளில் அது இருக்காது. ஆகவே ‘வாய்ப்புற்று வந்தால் எத்தனை வருஷம்’ என்று ராத்திரி உட்கார்ந்து தேடாதீர்கள். ஸ்டேஜ் தெரியாமல் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. ஸ்டேஜ் தெரிந்த பிறகும், வரும் எண் பல வருஷத்துக்கு முன்னால் வைத்தியம் எடுத்த ஆயிரக்கணக்கான பேரின் சராசரி. அதில் உங்கள் அம்மா எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியாது.

சதை எடுத்த இடத்தில் ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ஸ்லைடு என்பது கண்ணாடித் துண்டு. பிளாக் என்பது சின்னப் பிளாஸ்டிக் கூட்டில் ஒட்டிய மெழுகுக்கட்டி. தூக்கிப் பார்த்தால் உள்ளே அம்மாவின் சதைத்துண்டு மங்கலாகத் தெரியும், ஓரத்தில் நம்பர் எழுதியிருக்கும். ரிப்போர்ட்டில் இருக்கும் நம்பரும் அதுவும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று பாருங்கள். வண்டியின் முன்பக்கம் வெயில் படும்படி வைத்தால் மெழுகு இளகிவிடும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதை மறுபடி தங்கள் நோய்க்குறியியல் டாக்டரிடம், அதாவது சதையைச் சோதித்துச் சொல்பவரிடம், காட்டுவார்கள். கொண்டுபோகாவிட்டால் திரும்ப ராமநாதபுரம் வர வேண்டியிருக்கும், அல்லது மறுபடியும் சதை எடுக்க வேண்டியிருக்கும்.

சரி, படிப்பதற்கு. தமிழில் நோயாளிகளுக்காக நிதானமாக எழுதியது குறைவு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரை இந்த வேலைக்கு வையுங்கள். அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம், அமெரிக்கன் கேன்சர் சொசைட்டி, பிரிட்டனின் கேன்சர் ரிசர்ச் யூகே ஆகிய மூன்றும் ஒவ்வொரு வகைப் புற்றுக்கும் நோயாளிகளுக்கென்றே தனிப் பக்கம் வைத்திருக்கின்றன, கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்றும் போட்டிருப்பார்கள். நம் நாட்டில் மும்பை டாட்டா மெமோரியலை மையமாக வைத்து 2012இல் தொடங்கிய நேஷனல் கேன்சர் கிரிட், எந்தப் புற்றுக்கு எந்த ஸ்டேஜில் என்ன வைத்தியம் என்று வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறது. அவை டாக்டர்களுக்காக எழுதியவை, படித்தால் தலை சுற்றும். ஆனால் மதுரையில் சொல்லும் வைத்தியம் பொதுவாக நாடு முழுக்கச் செய்வதுதானா என்று பார்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பக்கங்களில் வைத்தியம் சரியாக இருந்தாலும் செலவும் கிடைக்கும் மருந்தும் அந்த ஊர்க் கணக்கு. எந்தப் பக்கத்தைப் படித்தாலும், படித்து முடித்ததும் உங்கள் கையில் ஒரு முடிவு இருக்கக்கூடாது, டாக்டரிடம் கேட்க நாலு கேள்வி இருக்க வேண்டும். என்ன ஸ்டேஜ், இந்த வைத்தியம் குணமாக்கவா அல்லது கட்டுப்படுத்தவா, வேறு வழி இருக்கிறதா, எத்தனை வாரம் தங்க வேண்டும், காப்பீட்டில் எது வரும் எது வராது. இவற்றைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். ஓ.பி.யில் கிடைக்கும் ஐந்து நிமிஷத்தில் மனசில் இருப்பதெல்லாம் மறந்துபோகும்.

இனி வீடியோக்கள். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து மறுக்க முடியாது, வேண்டியதும் இல்லை. எந்த வகை, எந்த ஸ்டேஜ் என்று சொல்லாமல் ‘கேன்சர்’ என்று மட்டும் சொல்கிறதா, பக்கவிளைவே இல்லை என்கிறதா, கடைசியில் ஒரு போன் நம்பரோ பார்சலோ வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றும் இருந்தால் மூடிவிடலாம். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருஷத்து மருந்துகள், மாயத் தீர்வுகள் விளம்பரச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதை மாமாவுக்குச் சொல்லுங்கள். நம் கரையில் சுறா எலும்புப் பொடியும் அவ்வப்போது தலைகாட்டும், சுறாவுக்குப் புற்றே வராது என்ற கதையோடு. சுறாவுக்கும் புற்று வருகிறது. சுறாக் குருத்தெலும்புச் சாற்றை நுரையீரல் புற்று நோயாளிகளுக்கு வழக்கமான வைத்தியத்தோடு சேர்த்துக் கொடுத்து முறையாகச் சோதித்தார்கள். கொடுத்தவர்கள் கூடுதலாக ஒரு நாளும் வாழவில்லை என்ற முடிவு 2010இல் வெளியானது.

நித்தியகல்யாணி விஷயத்தை அப்படித் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. சுடுகாட்டு மல்லி என்று நாம் சொல்லும் அதே செடியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகள் வந்தன. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு வின்கிரிஸ்டின் இன்றைக்கும் முக்கியமான மருந்து. தென் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் இந்தச் செடியைப் பயிராகவே வைப்பவர்கள் உண்டு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எங்கேயோ சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறார். மீதிப் பாதிதான் ஆபத்து. ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும். வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்ட மாட்டார்கள், அதுவும் இரத்தக்குழாயில் மட்டும்தான் போடுவார்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் கை கால் நரம்பு பாதிக்கும். வெள்ளை அணு இறங்குவதும் இந்த மருந்துகளின் குணம். செடியை வேகவைத்துக் குடிக்கும்போது அதில் எந்தப் பொருள் எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, வாய்ப்புற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்தே அது இல்லை, பெரும்பாலும் சிஸ்பிளாட்டின் கொடுப்பார்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைச் சோதிக்கும் மருந்து. அந்தச் சமயத்தில் கஷாயமோ பஸ்பமோ சேர்ந்தால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறி, கீமோவையே நிறுத்த வேண்டி வரலாம். சித்த வைத்தியரிடம் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பசி, தூக்கம், மலச்சிக்கல் என்று அவர்களிடம் ஆறுதல் பெற்றவர்கள் உண்டு. ஆனால் என்ன சாப்பிடுகிறார் என்பதை கீமோ டாக்டரிடம் மறைக்கக்கூடாது. மஞ்சளைப் பற்றிக் கேட்டால், சோதனைக்கூடத்துச் செல்களில் ஏதோ செய்கிறது, மனிதர்களில் புற்றைக் குணமாக்குகிறது என்பதற்குச் சான்று இல்லை. குழம்பில் தாராளமாகப் போடலாம், மாத்திரையாக விழுங்குவதானால் டாக்டரைக் கேட்டுவிட்டு.

பெரியம்மாவின் பயத்துக்கு என்னிடம் தெளிவான பதில் இருக்கிறது. சதை எடுப்பதாலோ ஆபரேஷன் செய்வதாலோ வாய்ப்புற்று பரவுவதில்லை. அந்த நம்பிக்கை எப்படி வந்தது என்றும் புரிகிறது. முற்றிப்போன பிறகு ஆபரேஷனுக்குப் போவார்கள், கொஞ்ச நாளில் நோய் மறுபடி தலைதூக்கும், பழி கத்தி மேல் விழும். பயந்து தள்ளிப்போடுகிற மாதங்களில்தான் நோய் கழுத்துக்கு இறங்குகிறது. இதைப் பெரியம்மாவிடம் நீங்கள் சொல்வதைவிட, ஆபரேஷன் முடிந்து நன்றாக நடமாடும் ஒருவரைக் காட்டுவது நல்லது. மதுரை ஓ.பி. வாசலில் அப்படிப்பட்டவர்கள் செக்கப்புக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இன்னொன்று, கிரந்தி, புண்ணைக் கிளப்பும் என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள். வாய்ப்புற்றில் பல பேரைச் சாய்ப்பது சாப்பிட முடியாமல் உடம்பு இளைப்பதுதான். முள் இல்லாத மீனை மசித்து, காரம் இல்லாமல், கஞ்சியோடு கொடுக்கலாம். வைத்தியத்தின் நடுவில் மூக்கு வழியாக டியூப் போடச் சொன்னால் பயப்பட வேண்டாம், அது உடம்பைத் தாங்கத்தான், பெரும்பாலும் அப்புறம் எடுத்துவிடுவார்கள்.

எங்கே போவது என்பதில் என் சொந்த அபிப்பிராயம் ஒன்று உண்டு, வேறு மாதிரி நினைப்பவர்களும் இருப்பார்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சேர்ந்த புற்றுநோய் மையம் பாலரெங்காபுரத்தில் இருக்கிறது. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி 1954 முதல் நடந்துவரும் அடையாறு புற்றுநோய் நிறுவனம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் என்று மற்றவையும் உண்டு. எல்லோரும் சென்னை என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் வாய்ப்புற்றுக்குக் கரண்டு வைப்பதென்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு ஏழு வாரம், விடாமல் போக வேண்டும். நடுவில் விட்டால் பலன் குறையும். சென்னையில் அறை வாடகையும் கடலுக்குப் போகாத நாட்களின் இழப்பும் சேர்ந்து, நாலாவது வாரம் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். தூரத்துப் பெரிய இடத்தில் பாதி வைத்தியத்தைவிட, பக்கத்தில் முழு வைத்தியம் மேல். சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட், ஸ்லைடு, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒருதடவை அடையாறில் காட்டி இரண்டாவது அபிப்பிராயம் வாங்கிக்கொண்டு வைத்தியத்தை மதுரையில் செய்துகொள்ளலாம். எந்த டாக்டரும் அதைத் தப்பாக நினைக்கக்கூடாது. ஒரு டாக்டர் கோபித்துக்கொண்டால் அது அவர் பிரச்சினை.

கிளம்புவதற்கு முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்தின் வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. இந்தத் திட்டத்தில் பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும். தனியார் ஆஸ்பத்திரியில் கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முன் அனுமதி வந்துவிட்டதா என்று அட்மிஷனுக்கு முன்னால் காப்பீட்டு மேஜையில் கேளுங்கள். புது விலையுயர்ந்த மருந்துகள் சில இதில் வராது. அதை டாக்டரிடம் வெளிப்படையாகக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ரயிலுக்குப் புற்றுநோயாளி சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் விலக்கு, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. சாதாரண இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75 சதவீதம். ரயில்வே வைத்திருக்கும் படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தர வேண்டும். டிக்கெட்டை ஸ்டேஷன் கவுண்டரில்தான் எடுக்க முடியும், மொபைலில் முடியாது. முதல் ஓ.பி.யிலேயே அந்தப் படிவத்தை நீட்டிவிடுங்கள்.

கரண்டு வைப்பதாக முடிவானால், அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். எடுக்க வேண்டிய பல்லை முதலிலேயே எடுத்து, ஈறு ஆறிய பிறகு ஆரம்பிப்பார்கள். கரண்டு வைத்த தாடையில் அப்புறம் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகலாம். அவசரத்தில் விட்டுப்போகும் விஷயம் இது, நீங்களே ஞாபகப்படுத்துங்கள். அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுபவர் என்று எழுதியிருந்தீர்கள். இன்றைக்கே நிறுத்த வேண்டும். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மட்டும் போடலாமா என்று கேட்பார், பாக்கும் புற்றை உண்டாக்கும் பொருள்தான். நிறுத்த முடியாமல் தவித்தால் 1800 112 356 என்ற தேசிய எண்ணில் பேசலாம், திட்டாமல் வழி சொல்வார்கள். கீமோ நடக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், கீமோ நடக்கிறது என்று சொல்லுங்கள்.

துணைக்கு ஆட்கள் என்று பார்த்தால், முதல் துணை வார்டில் பக்கத்துக் கட்டில்தான். எந்தக் கடையில் காரமில்லாத கஞ்சி கிடைக்கும், எங்கே மலிவாக அறை கிடைக்கும், வாய் எரிந்தால் எதைக் கொப்பளிக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. வைத்தியத்தை மட்டும் அவர்களிடம் கேட்டு மாற்றாதீர்கள், அவர்கள் ரிப்போர்ட் வேறு. மனசு தாங்காத ராத்திரிக்கு 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண் இருக்கிறது, தமிழில் பேசலாம். கூட இருந்து பார்ப்பவர்களுக்கும் அது உண்டு, உங்களுக்கும் தேவைப்படும். வலிக்கு மார்பின் மாத்திரை எழுதினால், போதைக்கு அடிமையாகிவிடுவார், கடைசிக்கட்டம் வந்துவிட்டது என்று வீட்டில் பேச்சு வரும். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகச் சாப்பிடுபவர்கள் அடிமையாவது அரிது, கடைசிக்கட்டத்துக்கு மட்டுமான மருந்தும் இல்லை. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள். வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று தேட, திருவனந்தபுரத்தில் 2003 முதல் இயங்கும் பாலியம் இந்தியா அமைப்பு உதவும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸைப் பற்றி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அம்மாவிடம் சொல்லலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வீட்டில் எல்லோரும் குசுகுசுப்பதும், தட்டில் வழக்கத்தைவிடப் பெரிய மீன் துண்டு விழுவதும் அவருக்குத் தெரியாமல் இருக்காது. என் அனுபவத்தில் முக்கால்வாசிப் பேருக்கு முன்பே தெரியும், பிள்ளைகளுக்காகத் தெரியாத மாதிரி இருப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தெரிய வேண்டும் என்ற சட்டமும் இல்லை. “டாக்டர் என்ன சொன்னார்னு உங்களுக்குத் தெரியணுமா, இல்ல நானே பார்த்துக்கட்டுமாம்மா” என்று கேளுங்கள், அவர் சொல்வதைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடப்போவது அவர்தான், அதனால் கன்னத்தில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை மட்டும் டாக்டர் நேராக அவரிடமே சொல்லட்டும். ஸ்கேன் முடிந்து ஸ்டேஜ் எழுதிக் கொடுத்ததும், பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். அப்போது இன்னும் குறிப்பாக ஏதாவது சொல்ல முடியும்.